தீனோஸ் ஈசே? சைப்பிரஸ் கிராமத்தில் நான் படித்த உறவுச்சொற்கள்

சைப்பிரஸுக்குப் போன மூன்றாவது கிழமையே, நான் பார்த்துக்கொள்ள வந்த அம்மாவின் சொந்தத் தம்பியை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். 2014 இல் நடந்தது. லார்னகா பக்கத்தில் ஒரு கிராமம், மத்தியான வெயில், அம்மா உள்ளே நித்திரை. கதவைத் தட்டியவர் எழுபது வயது மதிக்கத்தக்க மனிதர், கையில் ஒரு பை நிறையச் சேப்பங்கிழங்கு, அங்கே அதைக் கொலோக்காசி என்பார்கள். "ஈமெ ஓ அர்ஃபோஸ் திஸ்" என்றார். நான் ஊரிலிருந்து வரும்போது மனப்பாடம் செய்து வந்த சின்னக் கிரேக்கப் புத்தகத்தில் சகோதரனுக்கு 'அதெல்ஃபோஸ்' என்று இருந்தது, அர்ஃபோஸ் என்று ஒரு சொல்லே இல்லை, ஆகவே அது அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டேன். தெரியாத ஆளுக்குக் கதவு திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு விட்டிருந்தார்கள். "ஓஹி" என்று சொல்லிச் சாத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. அத்திமரத்தடி மதிலில் போய் உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து அம்மா எழும்பி யன்னலால் பார்த்து, "அர்ஃபே மு!" என்று கத்தியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கிழங்கை அன்றிரவு தோல் சீவும்போது கை கடித்ததைவிட மனம் கூடக் கடித்தது.

இதை எழுதுவது, அங்கே வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போகிற எங்கள் பிள்ளைகளுக்காக. புத்தகத்தில் இருக்கிற கிரேக்கம் பொய்யில்லை. பள்ளிக்கூடத்திலும் செய்தியிலும் கந்தோர்க் கடிதத்திலும் அதுதான். ஆனால் அடுப்படியில், முற்றத்தில், ரெலிபோனில் அவர்கள் கதைப்பது கிப்ரியாக்கா, சைப்பிரஸ் கிரேக்கம். ஏதென்ஸ்காரருக்கே கிராமத்துக் கிழவர்கள் வேகமாகக் கதைத்தால் பிடிபடாது. அதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட எழுத்துமுறைகூட இல்லை, காதால்தான் பிடிக்க வேண்டும். போய் இறங்கியதும் முதலில் பிடிக்க வேண்டியது உறவுச்சொற்கள். ஒரு வயதானவரின் வீட்டில் நாள் முழுக்க வருகிற பேச்சே அதுதான்: யார் வந்தது, யார் வரவில்லை, யாருடைய பிள்ளைக்கு என்ன.

எனக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். பின்னேரங்களில் அம்மாவோடு கோப்பி குடிக்க வருவார். தம்பியின் கதையைக் கேட்டுவிட்டு என் கொப்பியை வாங்கி, பேச்சில் 'ல்' 'ர்' ஆகிவிடும் என்று 'அதெர்ஃபோஸ்' என்று எழுதினார், நடுவிலிருந்த 'த'வைப் பேனையால் வெட்டினார், 'அஎர்ஃபோஸ்' ஆனது. பிறகு அ, எ இரண்டையும் வளைத்து ஒன்றாக்கி 'அர்ஃபோஸ்' என்றார். சகோதரி 'அர்ஃபி'. அவ்வளவுதான். கிரேக்கத்தின் அந்தத் 'த' எங்களுடைய 'அது', 'இது' வில் வருகிற மெல்லிய த மாதிரியேதான், அதனால் எங்கள் வாய்க்குச் சுலபம். ஆனால் சைப்பிரஸ்காரர் இரண்டு உயிருக்கு நடுவில் அது வந்தால் பல சொற்களில் விழுங்கிவிடுவார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். காலுக்குப் புத்தகச் சொல் 'போதி'. அம்மா சொல்வது 'போயின்', அங்கேயும் அதே த காணாமல் போயிருக்கிறது. ஆனால் இரண்டு காலும் நோகும்போது 'போத்கியா' என்பார், அப்போது த வலுத்து, பின்னால் ஒரு க் சேர்ந்து திரும்பி வரும். நான் ஒவ்வொரு இரவும் தைலம் பூசிக்கொண்டே இதைச் சொல்லிப் பார்ப்பேன்: போயின், போத்கியா. பிறகு ஒரு நாள் தெருவில் பிள்ளைகள் ஓடும்போது அம்மா 'கொப்பெல்லுத்கியா' என்றார், யாரும் சொல்லித் தராமலே ஒரு பிள்ளைக்கு 'கொப்பெல்லுயின்' என்று வர வேண்டும் என்று எனக்கு விளங்கியது. கைக்குழந்தை 'மொருயின்', குழந்தைகள் 'மொருத்கியா'. அந்த 'உயின்' செல்லமாகச் சின்னதாக்குகிற விகுதி. ஒவ்வொரு சொல்லாகப் பாடமாக்கினால் ஆறு வருடம் போதாது, இப்படி ஒலி எங்கே விழும் எங்கே திரும்பும் என்று ஒன்றைப் பிடித்தால் இருபது சொல் ஒன்றாக வந்து விழும். இதை நான் யாருக்கும் அடித்துச் சொல்வேன்.

சின்ன எச்சரிக்கை ஒன்று. புத்தகத்தில் 'இல்லை' என்பதற்கு 'தென்'. கிராமத்தில் அதன் த கூடப் போய் 'என்' ஆகிவிடும். 'இருக்கிறார்' என்பதும் 'என்'தான்! "என் ஈர்த்தென்" என்றால் வரவில்லை, "என் தமெ" என்றால் இங்கே இருக்கிறார். பின்னால் வினை வருகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மகள் வந்தாளா என்று அம்மா கேட்டதற்கு நான் ஒரு கிழமை முழுக்கத் தலைகீழாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அதெல்ஃபோஸ் என்ற சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. பழைய கிரேக்கத்தில் 'தெல்ஃபீஸ்' என்றால் கருப்பை. முன்னால் இருக்கிற 'அ', 'ஒரே' என்ற பொருள். ஒரே வயிற்றில் பிறந்தவன். நான் உடனே கொப்பியில் எழுதிக் காட்டினேன்: சக, உதரம், சகோதரன். உதரம் என்றால் வயிறு. வடமொழியிலிருந்து எங்களுக்கு வந்த சொல், பொருள் அச்சொட்டாக அதே. வடமொழியில் 'சகர்ப்ய' என்று இன்னொரு சொல் இருக்கிறது, அதற்கும் அதெல்ஃபோஸுக்கும் வேரே ஒன்றுதான் என்றார் அவர். சகோதரனுக்குக் கிரேக்கரிடம் அதற்கு முன் 'ஃப்ராத்தேர்' என்று ஒரு சொல் இருந்ததாம், அது காலப்போக்கில் ஒரு குலக்கூட்டத்தின் உறுப்பினன் என்ற பொருளுக்குப் போய்விட, கூடப் பிறந்தவனைச் சொல்ல இந்த வயிற்றுச் சொல் வந்து உட்கார்ந்தது. அர்ஃபோஸ் என்று தேய்ந்த பிறகு அந்த வயிறு வெளியே தெரிவதில்லை, ஆனால் உள்ளே இருக்கிறது.

இப்போது அம்மா என்று நான் எழுதுகிற அந்த மனுஷியை எப்படிக் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் அவரை 'ஸ்தெத்தே' என்றார்கள், கடைசி எழுத்தில் அழுத்தி. பாட்டிக்குப் புத்தகச் சொல் 'யாயா', இளம் பிள்ளைகள் அதையும் சொல்வார்கள், ஆனால் இந்த வீட்டில் ஸ்தெத்தே. நானும் அப்படியே கூப்பிட்டேன். வெளியாட்களான வயதான பெண்களுக்கு 'த்கியா' என்று பெயருக்கு முன்னால் சேர்க்கலாம், மாமி, அன்ரி மாதிரி. அது 'தீயா', அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் பொதுச்சொல், சைப்பிரஸ் வாயில் இறுகி 'த்கியா' ஆனது. இத்தாலியர் சொல்கிற 'ட்ஸியா'வும் இதிலிருந்து இலத்தீன் வழியாகப் போனதுதான்.

ஸ்தெத்தேக்கு ஞாபகம் தளர ஆரம்பித்தது 2016 அளவில். பின்னேரமானால் கதவடியில் வந்து நின்று, "பூ என் ஓ ச்சீரிஸ் மு?" என்று கேட்பார். பூ என்றால் எங்கே, மு என்றால் என்னுடைய, அது தெரியும். ச்சீரிஸ் என்ன பொருள் என்று தெரியாமல் அலுமாரி, கட்டிலுக்குக் கீழ், மருந்துப் பெட்டி எல்லாம் தேடினேன். கண்ணாடி, செபமாலை, பணப்பை, கைத்தடி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டி, திரும்பத் தெருவைப் பார்த்தார். இரவு மகள் ரெலிபோன் எடுத்தபோது கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தன்னுடைய அப்பாவைக் கேட்கிறார்" என்றார்.

ச்சீரிஸ் என்பது 'கீரிஸ்'. அது 'கீரியோஸ்', ஆண்டவன், எசமான் என்ற சொல்லின் பிள்ளை. சைப்பிரஸ் கிரேக்கத்தில் க, இ அல்லது எ முன்னால் வந்தால் பழஞ்சொற்களில் ச்ச ஆகிவிடும். புத்தகத்தில் 'மற்றும்' என்பதற்கு 'கே', இவர்கள் 'ச்சே'. இது எங்களுக்குப் புதிதில்லை, நாங்கள் கவனித்ததில்லை, அவ்வளவுதான். கன்னடத்தில் காதுக்குக் 'கிவி', தமிழில் 'செவி'. அங்கே 'கிறு', இங்கே 'சிறு'. எங்கள் மொழியிலும் இ, எ முன்னால் க சகரமாகியிருக்கிறது. இதை நான் ஊருக்கு வந்த பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன், அப்போதே தெரிந்திருந்தால் ஆசிரியரிடம் சொல்லியிருப்பேன்.

கீரியோஸ் என்றதும் எனக்கு அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. பழைய இலத்தீன் பூசையில் 'கீரியே எலெயிசோன்' என்று பாடுவார்களே, ஆண்டவரே இரக்கமாயிரும், அந்தக் கீரியே இதுதான், விளிக்கும்போது கடைசி மாறிய கீரியோஸ். ஆண்டவனைக் குறிக்கிற அதே சொல்லால் ஒரு கிராமம் தன் தகப்பனைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்பாவை 'ஐயா' என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள், ஆகவே எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இன்றைக்கு அங்கே இளம் ஆட்கள் 'பாப்பாஸ்' என்கிறார்கள், ச்சீரிஸ் வயதானவர்களின் வாயில்தான் கூட. ஞாபகம் போகும்போது மனிதர் பழைய சொற்களுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். முதியோரைப் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தில் இல்லாத, பேரப்பிள்ளைகளே மறந்துவிட்ட சொல்தான் உங்களுக்கு ஒருநாள் அவசரமாகத் தேவைப்படும்.

ஸ்தெத்தேயின் தகப்பன் கிடப்பது மோர்ஃபூப் பக்கத்து ஊரில், தீவின் வடக்கில். 1974 இல் துருக்கிப் படை வந்தபோது ஸ்தெத்தே பிள்ளைகளோடு தெற்கே ஓடி வந்தவர். 2003 இல் எல்லைக் கடவை திறந்தபோது ஒரு தடவை போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாராம். யாழ்ப்பாணத்தின் 1995 இடப்பெயர்வில் நடந்தவள் நான். "ச்சீரிஸ் எங்கே" என்ற கேள்விக்கு "செத்துப்போனார்" என்று சொல்லக் கூடாது என்பதை எனக்கு ஒரு தாதியும் சொல்லித் தரவில்லை. "என் ஈர்த்தென் அகோமா" என்பேன், இன்னும் வரவில்லை. பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பேன். தோடம்பழத் தோட்டம், கழுதை, நீர்ப்பாய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே அமைதியாகிவிடுவார்.

சரி, இலக்கணத்துக்கு வருகிறேன், இது வெறும் சொற்பட்டியல் இல்லை. முதலாவது, உறவைச் சொல்லும்போது முன்னால் சுட்டு, ஆங்கிலத்து 'the' மாதிரி ஒரு 'ஓ', கட்டாயம், பின்னால் 'மு', 'சு', 'திஸ்' (என், உன், அவளுடைய) வரும்: ஓ அர்ஃபோஸ் மு, என் சகோதரன். ஓவை விட்டால் காதுக்கு ஏதோ உடைந்த மாதிரி இருக்கும். இரண்டாவது, ஆண்பால் சொல்லைக் கூப்பிடும்போது கடைசி ஸ் போய்விடும். அர்ஃபோஸ், அர்ஃபே. பாப்பூஸ் என்ற தாத்தா, கூப்பிடும்போது பாப்பூ. ஆசிரியர் தாஸ்கலோஸ், கூப்பிட்டால் தாஸ்கலே. நாங்கள் அண்ணனை அண்ணா என்றும் மாமனை மாமா என்றும் கடைசி ன் விட்டுக் கூப்பிடுகிறோமே, அதே பழக்கம். முழுச்சொல்லால் கூப்பிட்டால் ஒருவரை முகத்துக்கு முன் "அண்ணன், வாருங்கள்" என்ற மாதிரி இருக்கும். மூன்றாவது, 'உடைய' என்று வரும்போது ஆண்பாலில் ஸ் போகும், பெண்பாலில் ஸ் வரும், முன்னால் சுட்டும் மாறும். அர்ஃபோஸ், து அர்ஃபு. அர்ஃபி, திஸ் அர்ஃபிஸ். நான் கொப்பியில் ஒவ்வொரு உறவுக்கும் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன்: சொல்வது, கூப்பிடுவது, உடையது. சுட்டில்லாமல் ஒரு சொல்லையும் எழுதவில்லை. இதை அப்படியே செய்யுங்கள்.

இந்த 'உடைய' ஏன் முக்கியம் என்றால், கிராமத்தில் புதிய ஆளைக் கண்டால் வயதானவர்கள் கேட்கிற முதல் கேள்வி "தீனோஸ் ஈசே?", நீ யாருடையவள். எங்கள் ஊரில் "நீ ஆற்றை பிள்ளை?" என்பது போல. அவர்களின் குடும்பப்பெயர் பலவும் இந்தக் கேள்விக்கான பதில்தான்: யெயோர்யூ என்றால் ஜோர்ஜினுடைய, யோவானூ என்றால் யோவானுடைய. தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிற எங்களுக்கு அது உடனே பிடிபடும். என்னை யாரும் அப்படிக் கேட்டால் நான் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன், ஸ்தெத்தேதான் "என் இ கோரி மு" என்பார்.

கோரி என்றால் மகள், பெண்பிள்ளை என்றும் பொருள். இரண்டில் எதைச் சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை. கண்ணின் கருமணிக்கும் கிரேக்கத்தில் கோரி என்றுதான் பெயர், உள்ளே தெரிகிற சின்ன உருவத்தை வைத்து. நாங்களும் கருமணியில் இருப்பதைப் பாவை என்கிறோம், பெண்ணையும் பாவை என்கிறோம்.

சம்பந்த உறவுகளில் நாங்கள் பலசாலிகள், ஆகவே அங்கே மகிழ்ச்சியாக இருக்கும். அண்ணன் தம்பி மனைவிமார் ஒருவருக்கொருவர் 'சின்னிஃபாதா', கூட்டு மருமகள். எங்கள் ஓரகத்தி! அக்கா தங்கை கணவன்மார் 'சீகம்ப்ரோஸ்', கூட்டு மாப்பிள்ளை, எங்கள் சகலன். மாமனார் 'பெத்தெரோஸ்', பழைய வடிவம் 'பெந்தெரோஸ்', கட்டுதல் என்ற வேரிலிருந்து. வடமொழியின் பந்தம், பந்து எல்லாம் அதே வேர். சம்பந்தி என்று நாங்கள் சொல்கிற உறவை அவர்கள் 'சிம்பெத்தெரோஸ்' என்கிறார்கள். ஆசிரியருக்கு நான் 'சம்பந்தி' என்று சொல்லிக் காட்டியபோது அவர் எழும்பி நின்றுவிட்டார். மைத்துனனுக்குக் 'குனியாதோஸ்', கலியாணத் தோழனுக்குக் 'கும்பாரோஸ்', இரண்டும் வெனிஸ்காரர் கொண்டுவந்தவை. 1489 முதல் 1571 வரை தீவு அவர்கள் கையில் இருந்தது. கும்பாரோஸ் சொந்தமில்லாத சொந்தம், நெருங்கிய சினேகிதனையும் "கும்பாரே" என்றுதான் தோளில் தட்டுவார்கள்.

ஆனால் எங்களிடம் இருப்பது எல்லாம் அங்கே இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே அர்ஃபோஸ், பெரியவன் சின்னவன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பெரியம்மா, சின்னம்மா, அத்தை, மாமி எல்லாரும் ஒரே த்கியா. மச்சானும் ஒன்றுவிட்ட தம்பியும் ஒரே 'க்ஸாதெர்ஃபோஸ்'. இங்கே மிகவும் கவனம். எங்கள் பக்கத்தில் மாமன் மகனைக் கட்டுவது வழக்கம் என்று நான் ஒருநாள் க்ஸாதெர்ஃபோஸ் என்ற சொல்லைப் போட்டுச் சொன்னபோது, ஸ்தெத்தே "பனாயியா மு" என்று மாதாவைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர்களின் திருச்சபையில் அது விலக்கு, அவர் காதில் விழுந்தது சகோதரனைக் கட்டுவது போல. பிறகு இருபது நிமிடம் படம் கீறி விளக்கினேன். எங்கள் 'மச்சான்' என்ற சொல்லுக்கு அங்கே ஈடு கிடையாது, மொழிபெயர்க்காதீர்கள், 'அம்மாவின் சகோதரனின் மகன், எங்கள் வழக்கத்தில் அவர் சகோதரன் இல்லை' என்று நீட்டியே சொல்லுங்கள்.

இன்னொன்று. என் மகள் அப்போது நாலு வயது, என் தம்பி வீட்டில் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். ஒருநாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் திரும்பி "மாமா! மாமா!" என்று அழுதாள், ஏதோ விளையாட்டுப் பொருள் கைக்கு எட்டவில்லை, தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்தெத்தேக்கு அது தெரியாது. அவர்கள் ஊரில் மாமா என்றால் அம்மா. கதிரையை விட்டு எழும்பி, அந்த நோகிற காலோடு வந்து, போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "தெலி தின் மானன் திஸ்" என்றார், தாயைக் கேட்கிறாள். நான் திருத்தவில்லை.

கந்தோர் விஷயத்தில் மட்டும் கிராமத்துச் சொல்லை எழுத வேண்டாம். வைத்தியசாலைப் படிவத்தில் அதெல்ஃபி, பத்தேரஸ், மித்தேரா (சகோதரி, தகப்பன், தாய்) என்று புத்தகச் சொல்தான். வாயால் கதைக்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்ததும் முதலில் ஆங்கிலத்துக்கோ புத்தகக் கிரேக்கத்துக்கோ மாறிவிடுவார்கள். நீங்கள் விடாமல் அர்ஃபி, ச்சே, என் தமெ என்று கிராமத்துச் சொல்லில் நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் அவர்கள் பேச்சும் மாறும், முகமும் மாறும்.

ஸ்தெத்தே 2019 மாசியில் தவறினார். ஊர்க் கோவிலில் அடக்கப் பூசை. நான் கறுப்புச் சட்டை போட்டுக் கடைசி வாங்கில் இருந்தேன். முடிந்து வெளியே கோப்பியும் ஒலிவும் பாணும் கொடுக்கும்போது, வேறு ஊரிலிருந்து வந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்து, முகத்தைக் கிட்டவாகப் பார்த்து, "தீனோஸ் ஈசே, கோரி மு?" என்றார். வாயைத் திறந்தேன், வரவில்லை. பின்னால் நின்ற அந்தத் தம்பி, மதிலில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தவர், தொப்பியைக் கையில் வைத்தபடி எனக்குப் பதிலாகச் சொன்னார்:

"திஸ் அர்ஃபிஸ் மு."

என் அக்காவுடையவள்.